பல்கேரிய மண்ணில் ஒரு 'ஸவாபு'

பசித்தவனுக்கு ஒரு பிடி அன்னம் இட்டால் ஸவாபு உண்டு. பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்து ஓரத்தில் போட்டால் ஸவாபு உண்டு என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'ஸவாபு' என்றும் 'தவாபு' என்றும் நம் இல்லங்களில் வழங்கும் இந்தச் சொல்லைப் பல்லாயிரம் கல் தொலைவுக்கு அப்பால், ஐரோப்பாக் கண்டத்தின் ஒரு மலைநாட்டில், கழுத்தில் சிலுவை அணிந்த முதியவர் ஒருவர் தம் தாய்மொழிச் சொல்லாகவே கொண்டு பேசுகின்றார் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள் அல்லவா?

அந்த நாடு பல்கேரியா. கருங்கடலின் மேற்குக் கரையில் அமைந்தது. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் கிழக்கத்தியத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். அவர்களது மொழி, ரஷ்ய மொழியோடு உறவுடைய ஸ்லாவிய மொழி. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களுள் துருக்கி மொழி பேசுவோரும் உண்டு. பல்கேரிய மொழியையே தாய்மொழியாகக் கொண்டு ரொடோப்பி மலைச்சாரலில் வாழ்ந்து வருவோரும் உண்டு.

இந்நாட்டின் வட்டார வழக்கில் 'செபாப்' என்றொரு சொல் இருக்கின்றது. சில இடங்களில் 'செவாப்' என்றும் ஒலிப்பார்கள். 'நற்செயல்', 'புண்ணிய காரியம்', 'கைம்மாறு கருதாத உதவி' என்பன அதன் பொருள்கள். விதவையின் வயலை உழுது கொடுத்தவனைப் பற்றி 'அவன் செபாப் செய்தான்' என்பார்கள். தந்தையற்ற பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் அதுவும் செபாப். இந்தச் சொல் எங்கே பிறந்தது, எப்படி வந்தது, எவ்வாறு நிலைத்தது என்பதை இன்று நாம் காண்போம்.

சொல்லின் வேர்

அரபு மொழியில் 'தாப' என்னும் வினைச்சொல்லுக்குத் 'திரும்பி வந்தான்' என்பது பொருள். அந்த வேரிலிருந்து பிறந்ததே 'தவாப்'. மனிதன் செய்த செயலின் பலன், செய்தவனிடமே திரும்பி வருகின்றது; ஆதலால் அதற்கு அப்பெயர். திருக்குர்ஆனின் 'பகரா' அத்தியாயத்தில் கஅபா ஆலயத்தைக் குறிக்குமிடத்தில் 'மதாபா' என்ற சொல் வருகின்றது. மக்கள் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் இடம் என்பது அதன் கருத்து. 'ஆல இம்ரான்' அத்தியாயத்திலோ இவ்வுலகப் பலன், மறுவுலகப் பலன் ஆகிய இரண்டுமே 'தவாப்' என்ற சொல்லால் குறிக்கப்படுகின்றன.

ஆடையைக் குறிக்கும் 'தவ்ப்' என்ற அரபுச் சொல்லும் இதே வேரினது. திருமறைச் சொற்களுக்கு அகராதி கண்ட பேரறிஞர் ராகிப் அல் இஸ்பஹானி இதற்கு ஓர் அழகிய விளக்கம் தருகின்றார். நூல் எந்த நோக்கத்துக்காக நூற்கப்பட்டதோ அந்த நிலையை அடையும்போது ஆடையாகின்றது. தனக்கென வகுக்கப்பட்ட நிலைக்குத் திரும்புவதால் அதற்கு இப்பெயர் என்பது அவர் கருத்தின் சாரம். ஆக, 'தவாப்' என்பது வெறும் கூலி அன்று. விட்டெறிந்தது மீண்டு வருவதைப்போல், செய்த நன்மை செய்தவனை நாடித் திரும்பி வருதலே அதன் உட்பொருள்.

நாவுகள் மாற்றிய ஒலி

இச்சொல் அரபு நாட்டை விட்டுப் புறப்பட்டு முதலில் பாரசீகத்துக்குச் சென்றது. நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஒலிக்கும் அரபு எழுத்துப் பாரசீகரின் நாவில் சகர ஒலியாயிற்று. நடுவிலிருந்த மென்மையான ஒலி வகரமாக அழுத்தம் பெற்றது. 'தவாப்' 'ஸவாப்' ஆனது. உருது வழியே நம் நாட்டுக்கு வந்த வடிவமும் இதுவே. துருக்கியர் அதனைச் 'செவாப்' என்று ஒலித்தனர். துருக்கியர் ஆட்சியோடு பால்கன் நாடுகளுக்குள் நுழைந்த இச்சொல், பல்கேரியர் நாவில் 'செபாப்' ஆயிற்று. அண்டை நாடான மாசிடோனியாவிலும் 'செபாப்' உண்டு. போஸ்னியாவில் இன்றளவும் 'செவாப்' என்றே வழங்குகின்றார்கள்.

வகரம் பகரமாக மாறியதற்குத் துணைசெய்திருக்கக் கூடிய ஒரு செய்தியும் உண்டு. 'காரணம்' என்னும் பொருளுடைய 'ஸபப்' என்ற அரபுச் சொல்லும் துருக்கி வழியே பல்கேரியாவை அடைந்து 'செபெப்' என வழங்கியது. ஓசையால் நெருங்கிய இரு சொற்கள் ஒரே கிராமத்து வாயில் புழங்கும்போது ஒன்றன் சாயல் மற்றொன்றில் படிவது மொழிகளில் இயல்பே.

ஒலி மாறியது போலவே பொருளும் சற்று இடம் பெயர்ந்தது. இதனை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அரபு மொழியில் 'தவாப்' என்பது இறைவன் அளிக்கும் பலனைக் குறிக்கும். துருக்கி மொழியில் பலனையும் குறிக்கும். அந்தப் பலனுக்குரிய செயலையும் குறிக்கும். பல்கேரியக் கிராமத்துக் கிறிஸ்தவனிடம் வந்தபோதோ, செயலே முதன்மைப் பொருளாகி நின்றது. கூலி பின்னுக்குப் போயிற்று. நன்மை முன்னே நின்றது. துருக்கி மொழியில் ஒரு பழமொழி உண்டு. நன்மையைச் செய்து கடலில் எறிந்து விடு. மீன் அறியாவிட்டாலும் படைத்தவன் அறிவான் என்பது அதன் கருத்து. அந்தக் கருத்துக்கு ஏற்பவே இச்சொல்லும் பொருள் பெற்றது எனலாம்.

தண்ணீரும் பாலமும்

மார்க்கம் வேறாயிருந்த மக்கள் ஒரு மார்க்கச் சொல்லைத் தமதாக்கிக் கொண்டது எப்படி? நூல்களைப் படித்தா? இல்லை. பல்கேரியக் கிராமத்து உழவன் அரபு நூல்களை அறிந்தவன் அல்லன். அவன் கண்ணால் கண்டதைக் கொண்டே அச்சொல்லின் பொருளை அறிந்தான்.

பல்கேரியாவின் மலைப்பாதைகளில் பயணம் செய்வோர் வழியோரங்களில் கல்லால் கட்டிய நீரூற்றுகளைக் காண்பார்கள். சுவரில் பதித்த குழாயிலிருந்து மலைநீர் இடையறாது வழியும்; கீழே கால்நடைகள் பருகக் கல்தொட்டி இருக்கும். 'செஷ்மா' என்பது அதன் பெயர். ஊற்றைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மனிதன் மரணமடைந்த பின்னரும் பலன் தந்துகொண்டிருக்கும் மூன்றனுள் நிலையான தருமத்தையும் ஒன்றாகக் கூறியருளினார்கள். வழிப்போக்கருக்கு நீர் அமைத்தல் அத்தகைய தருமம். எனவே செல்வம் படைத்தவர்கள் இத்தகைய ஊற்றுகளைக் கட்டினார்கள். நீர் பருகுவோர் கட்டியவரின் ஆன்மாவுக்காகப் பாத்திஹா ஓத வேண்டும் என்ற வேண்டுகோளைக் கல்லில் பொறிப்பதும் வழக்கமாயிற்று.

அந்தக் குழாய், அருந்த வந்தவனின் மார்க்கத்தைக் கேட்டதில்லை. ஆட்டிடையனும் குடித்தான், அவன் ஆடும் குடித்தது. பின்னர்க் கிறிஸ்தவர்களும் தம்மில் இறந்தோர் நினைவாக அதே போன்ற ஊற்றுகளைக் கட்டலாயினர்.

பாலங்களும் இவ்வாறே எழுந்தன. மரீட்சா ஆற்றின் மீது ஸ்விலென்கிராட் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கற்பாலம் இன்றும் நிற்கின்றது. சுல்தான் சுலைமான் காலத்தில், 1529ஆம் ஆண்டில், முஸ்தபா பாஷா என்பவரால் அமைக்கப்பட்டது அது. பால்கன் போர்களுக்கு முன்னர் அவ்வூருக்கே முஸ்தபா பாஷா என்றுதான் பெயர். வடக்கே யாந்த்ரா ஆற்றின் மீது பியாலா நகரருகே மற்றொரு பாலம் உண்டு. 276 மீட்டர் நீளமும் 14 வளைவுகளும் கொண்டது. தன்யூப் மாகாணத்தின் ஆளுநராயிருந்த மித்ஹத் பாஷாவின் ஆணைப்படி 1865 முதல் 1867 வரை அதனைக் கட்டியவர் கோல்யு ஃபிச்செட்டோ என்ற பல்கேரியக் கிறிஸ்தவச் சிற்பி. ஆணையிட்டவர் முஸ்லிம், கல்லடுக்கியவர் கிறிஸ்தவர், கடந்து சென்றவர்களோ எல்லோரும்.

உறவுச் சொற்கள்

செபாப் தனியே வந்த சொல் அன்று. அதற்கு உடன்பிறப்புகள் பல உண்டு. ஒரு பொருளை மனமுவந்து பிறனுக்குக் கொடுக்கும்போது பல்கேரியர், 'உனக்கு ஹலாலாக இருக்கட்டும்' என்பர். வழிப்பறிக் கள்வனுக்குப் பெயர் 'ஹராமியா'. உழைப்பாளிக்குச் சேரவேண்டிய கூலி 'ஹக்'. நம்பி ஒப்படைத்த பொருள் 'அமானெத்'. வயலின் விளைச்சலும் வளமும் 'பெரெகெத்'. நோய் நீங்கவும் நலம் பெருகவும் கிறிஸ்தவர்கள் ஆட்டை அறுத்து ஊராருக்கு விருந்திடுவதற்குப் பெயர் 'குர்பான்'. மே மாதம் 6ஆம் நாள் வரும் புனித ஜார்ஜ் திருநாளில் இதனை இன்றும் காணலாம். ஜெரூசலத்துக்குப் புனிதப் பயணம் சென்று மீண்ட கிறிஸ்தவன் 'ஹாஜியா' எனப்பட்டான். துருக்கியர் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு 1868இல் வீழ்ந்த பல்கேரிய வீரரின் பெயரே ஹாஜி திமித்தர் என்பது!

'கொம்ஷுலுக்' என்ற சொல் இன்னும் இனியது. அண்டை வீட்டாரின் நல்லுறவு என்பது அதன் பொருள். இரண்டு வீட்டு முற்றங்களுக்கும் இடையேயுள்ள மதிலில், தெருவுக்குப் போகாமலே ஒருவர் வீட்டுக்கு மற்றவர் சென்று வர வைத்த சிறு கதவுக்கும் அதுவே பெயர். உறவுக்கும் கதவுக்கும் ஒரே சொல்!

கணக்கின் மறுபக்கம்

இவற்றை மட்டும் கூறி நிறுத்திவிட்டால் நாம் உண்மைக்கு மாறு செய்தவர்களாவோம். பல்கேரிய மொழியில் 'ஸுலும்' என்றொரு சொல்லும் இருக்கின்றது. நாம் நன்கறிந்த அரபுச் சொல்தான். அநீதி, கொடுமை என்பது பொருள். அதுவும் அதே துருக்கியரின் வழியே, அதே காலத்தில், அதே கிராமங்களுக்குள் நுழைந்தது. வரிக்கொடுமையை அந்த உழவன் அறிவான். 1876ஆம் ஆண்டில் ஏப்ரல் எழுச்சி அடக்கப்பட்டபோது, ரொடோப்பி மலையிலுள்ள படாக் என்ற ஊரில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர்.

ஆளப்பட்ட மக்கள் தம் நாவில் ஒரு பேரேடு வைத்திருந்தார்கள். ஊற்றுக் கட்டியவனின் செயலை ஒரு பக்கத்தில் 'செபாப்' என்று எழுதினார்கள். வாளோடு வந்தவனின் செயலை மறுபக்கத்தில் 'ஸுலும்' என்று எழுதினார்கள். இரண்டுக்கும் நம் மறைமொழியிலிருந்தே சொல் எடுத்தார்கள். ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை. படாக் நகரைக் கண்ட பின்னரும் செபாப் என்ற சொல்லை அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது நம் உள்ளம் நெகிழ்கின்றது அன்றோ!

வட்டார வழக்கானது ஏன்?

1878ஆம் ஆண்டில் பல்கேரியா துருக்கியர் ஆட்சியினின்றும் விடுபட்டது. புதிய அரசும் பள்ளிகளும் செய்தித்தாள்களும் தோன்றின. கற்றோர் துருக்கிச் சொற்களை விலக்கி, பழைய ஸ்லாவியச் சொற்களையும் ரஷ்யச் சொற்களையும் கொண்டு எழுதலாயினர். நற்செயலுக்கும் தூய ஸ்லாவியச் சொற்கள் இருந்தன. ஏட்டில் அவையே ஏறின. செபாப் ஏட்டை விட்டிறங்கி, பாட்டிமாரின் பேச்சிலும் மலைக்கிராமங்களின் வழக்கிலும் தங்கிற்று. நூலோர் நீக்கியதை நாவோர் காத்தனர். ப்ளோவ்டிவ் நகரில் 1895 முதல் 1904 வரை வெளிவந்த மாபெரும் அகராதியைத் தொகுத்த நைடன் கெரோவ் போன்ற அறிஞர்கள், மக்கள் வழக்கிலிருந்த துருக்கிச் சொற்களையும் தள்ளிவிடாமல் பதிந்து வைத்தார்கள்.

பெயர்களைப் பறித்த காலம்

சொல்லை ஏட்டிலிருந்து நீக்கிய காலம் போய், மனிதனிடமிருந்தே அவன் பெயரைப் பறித்த காலமும் வந்தது. பொதுவுடைமை ஆட்சியினர் 1970களின் தொடக்கத்தில் பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களின் பெயர்களை வலிந்து மாற்றினர். 1984ஆம் ஆண்டின் இறுதியில் துருக்கி மொழி பேசுவோர் மீது அது பாய்ந்தது. படையினர் கிராமங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். சில மாதங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாய் தந்தையர் வைத்த பெயர்களை இழந்து, அரசு தந்த பெயர்களை ஏற்க நேர்ந்தது. பொது இடங்களில் துருக்கி மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. கல்லறைகளில் பொறித்த பெயர்களையும் விட்டார்களில்லை.

1984 டிசம்பர் 26ஆம் நாள் மொகில்யானே என்ற கிராமத்தில் மக்கள் இதனை எதிர்த்துத் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. தாயோடு வந்திருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை உயிரிழந்தது. அக்குழந்தையின் நினைவாக அங்கே எழுந்தது என்ன தெரியுமா? சிலை அன்று, தூண் அன்று, ஒரு நீரூற்று! 'துர்க்கான் செஷ்மா' என்று குழந்தையின் பெயராலேயே அது வழங்குகின்றது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அங்கே கூடுகின்றார்கள். ஸுலும் நடந்த இடத்தில், அதற்கு மறுமொழியாக ஒரு செபாப்.

1989ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுத் துருக்கிக்குச் சென்றனர். பலர் கடந்த எல்லைச் சாவடி, முஸ்தபா பாஷாவின் பாலம் நிற்கும் ஸ்விலென்கிராட் நகரத்துக்கு அண்மையிலேதான் இருக்கின்றது. நவம்பரில் ஆட்சித் தலைவர் தோதோர் ஷிவ்கோவ் பதவி இழந்தார். டிசம்பர் இறுதியில், பறித்த பெயர்களைத் திருப்பித் தர முடிவு செய்யப்பட்டது. 1990இல் அதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2012 ஜனவரி 11ஆம் நாள் பல்கேரிய நாடாளுமன்றம் அக்கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இதில் ஒரு விந்தையைக் காணுங்கள். அந்நாட்டு அறிவியல் கழகம் 1971 முதல் பல்கேரிய மொழிக்குச் சொற்பிறப்பு அகராதியொன்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்தது. அதன் மூன்றாம் தொகுதி வந்த ஆண்டு 1986. துருக்கி மொழி தெருவில் தடுக்கப்பட்டிருந்த ஆண்டு அது! தெருவில் துருக்கிச் சொல் குற்றம்; அகராதியில் துருக்கிச் சொல் ஆராய்ச்சி! வீட்டிலோ, 'ஹலால்' என்றும் 'ஹக்' என்றும் 'செபாப்' என்றும் பேசிக் கொண்டிருந்த கிறிஸ்தவ மூதாட்டிக்குத் தான் எந்த மொழிச் சொல்லைப் பேசுகின்றோம் என்ற எண்ணமே இல்லை. ஹஸன் என்ற பெயரை மாற்ற முடிந்த அரசுக்கு, அந்த மூதாட்டியின் நாவிலிருந்த செபாபை மாற்ற முடியவில்லை. அதனை அவளுக்குக் கற்பித்தது அரசு அன்று, அண்டை வீட்டார்.

நாம் விட்டுச் செல்லும் சொல்

வாசகப் பெருமக்களே! நாமும் பிற சமயத்தாரோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றோம். நம் வாய்ச்சொற்களை அவர்கள் கேட்கின்றார்கள். நம் செயல்களை அதைவிடக் கூர்மையாகக் காண்கின்றார்கள். நாம் கொடுக்கும் விளக்கங்களைக் கொண்டு அவர்கள் நம் சொற்களுக்குப் பொருள் எழுதுவதில்லை. நம் கடைத் தராசைக் கண்டு 'ஹலால்' என்பதற்குப் பொருள் எழுதுகின்றார்கள். ஒப்படைத்ததை நாம் திருப்பித் தரும் விதத்தைக் கண்டு 'அமானிதம்' என்பதற்குப் பொருள் எழுதுகின்றார்கள்.

'தவாப்' என்றால் திரும்பி வருவது என்று கண்டோம். மலைப்பாதையில் ஊற்றுக் கட்டிய மனிதனின் பெயரை இன்று அறிந்தவர் இல்லாமற் போகலாம். கல்லெழுத்தும் தேய்ந்து போகலாம். ஆயினும் அவன் செயலின் பெயர் மட்டும், அவனுடைய மார்க்கத்தைச் சாராத ஒருவரின் வாயில் நற்சொல்லாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றது. நம் அண்டை வீட்டாரின் நாவில் நாளை எந்தச் சொல் எஞ்சப் போகின்றது? ஸுலுமா, செபாபா? அந்தப் பேரேட்டில் இன்று எழுதிக் கொண்டிருப்பவர்கள் நாமே.